சேவல் ஏன் கொக்கானது: படம் பின்னிய ஒரு ஃபிலே பையின் நிகழ்வு ஆய்வு

பை காலியாக மேசைமேல் கிடந்தபோது அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வெளிர் நிறப் பருத்தி நூல், 3 மி.மீ. குரோஷா ஊசி, தொடக்கம் முதல் முடிவு வரை மாறாத கைப்பதம். வட்டமான அடி, அதிலிருந்து சுற்றுச் சுற்றாக எழும் வலை, முன்பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் ஒரு சேவல். கொண்டை, வளைந்த வால், கால்விரல் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெளிவாகத் தெரிந்தன. என்னிடம் பின்னல் கற்றுக்கொள்ளும் ஒருவர் தாமே வரைந்து, தாமே பின்னியது. கட்டங்களை நிரப்பியும் காலியாக விட்டும் படம் பின்னும் ஃபிலே குரோஷாவில் அவருக்கு அதுதான் முதல் பெரிய வேலை.

அதில் நான்கு கிலோ அளவுக்குச் சாமான்களைப் போட்டுத் தோளில் மாட்டிக் காட்டினார். "அக்கா, மேசையில் சேவலாகத்தான் இருக்கிறது. தோளில் மாட்டினால் கொக்காகிவிடுகிறது" என்றார். மிகச் சரியான வர்ணனை. மார்பு இருந்தபடியே இருக்க, கழுத்தும் கால்களும் மட்டும் நீண்டிருந்தன. பறவை முழுவதுமாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பையின் அடியும் சமமாக இல்லை. முன்பக்கம் தூக்கிக்கொண்டும் பின்பக்கம் இறங்கியும் தொங்கியது.

தம் கை சரியில்லை என்றே அவர் முடிவுகட்டியிருந்தார். படம் போட்ட வலைப்பை பின்னும் பலரும் இதே இடத்தில் மனம் தளர்ந்து, அடுத்த பையைப் படமில்லாத வெறும் வலையாகப் பின்னிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. இந்தப் பையில் கை சரியாகவே இருந்தது. மேசையில் கிடக்கும் துணிக்கான கணக்கைத் தோளில் தொங்கும் பைக்குப் போட்டதுதான் கோளாறு. அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்து, திருத்தி, அதே சேவலை மறுபடியும் பின்னினோம்.

முதல் பையின் கணக்கு

ஃபிலே பின்னலில் இருப்பவை இரண்டே கட்டங்கள். காலிக் கட்டத்தில் ஒரு டபுள் குரோஷாவும் (நிமிர்ந்து நிற்கும் உயரமான தையல், இதைத் தூண் என்றும் சொல்வேன்) அதையடுத்து ஒன்றோ இரண்டோ சங்கிலியும் இருக்கும். நிறைந்த கட்டத்தில் அந்தச் சங்கிலிகளின் இடத்தையும் டபுள் குரோஷாவே பிடித்துக்கொள்ளும். காலியும் நிறைவும் மாறி மாறி வந்து படமாகிறது. (அமெரிக்க வழக்கில் டபுள் குரோஷா என்பதைத்தான் பிரிட்டிஷ் வழக்கில் ட்ரெபிள் என்கிறார்கள். இங்கே முழுவதும் அமெரிக்க வழக்கையே பின்பற்றுகிறேன்.)

இரண்டு சங்கிலி விட்டால் ஒரு கட்டத்துக்கு மூன்று தையல். ஒரு சங்கிலி விட்டால் இரண்டு தையல். தட்டையாகப் பின்னும்போது மூன்று தையல் கட்டம் எத்தனையோ அதை மூன்றால் பெருக்கி, கடைசிக் கட்டத்தை மூடும் தூணுக்காக ஒன்று கூட்ட வேண்டும். பைபோலச் சுற்றாகப் பின்னும்போது அந்தக் கூடுதல் ஒன்று வேண்டாம், கடைசிக் கட்டத்தை முதல் தூணே மூடிவிடும்.

இவர் முதலில் மூன்று தையல் கட்டத்தில் ஓர் அளவுத் துண்டு பின்னிப் பார்த்திருக்கிறார். கட்டங்கள் உயரத்தைவிட அகலம் அதிகமாக, நசுங்கியதுபோல் வந்தன. ஆகவே இரண்டு தையல் கட்டத்துக்கு மாறினார். அது கச்சிதமாக வந்தது: பத்துக் கட்டம் 8.5 செ.மீ. அகலம், பத்துச் சுற்று 8.5 செ.மீ. உயரம். எந்த ஆசிரியரும் இதைத்தான் சொல்லிக்கொடுப்பார், நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அடியில் சிங்கிள் குரோஷா (டபுளைவிடக் குட்டையான, அடர்த்தியான தையல்), சுற்றுக்கு ஆறு கூட்டி 32 சுற்று. அதாவது 192 தையல், 96 கட்டம். முன்பக்கத்துக்கு 48 கட்டம், அதில் 36 கட்ட அகலத்தில் சேவல். வலை 42 சுற்று.

கட்டம் சதுரமாக இருக்க வேண்டும் என்ற விதி வெகுகாலமாக வருவது. முடிச்சிட்ட வலையின் கண்களை ஊசியால் நிரப்பிப் படம் செய்யும் பழைய ஃபிலே லேஸிலிருந்துதான் குரோஷா இந்த முறையைக் கற்றது. வெனிஸைச் சேர்ந்த ஃபெதெரிகோ வின்சியோலோ 1587இல் பாரிஸில் வெளியிட்ட மாதிரிகளிலேயே சதுரக் கட்டங்களில் வரைந்த உருவங்கள் இருக்கின்றன. ஆனால் அந்த மரபு முழுவதும் மேசைவிரிப்பு, திரைச்சீலை, தலையணை ஓரம் என்று வளர்ந்தது. திரைச்சீலைகூடத் தன் எடையை மட்டுமே சுமக்கிறது. நான்கு கிலோவைத் தூக்கும் துணிக்காக அந்த விதி உருவாகவில்லை.

சுமை எந்த வழியாக இறங்குகிறது

பையைச் சுமையோடு ஒரு கம்பியில் தொங்கவிட்டு அளவுநாடாவை வைத்தோம். வெறும் வலை இருந்த இடத்தில் பத்துச் சுற்றின் உயரம் 8.5 செ.மீ.யிலிருந்து 11 செ.மீ. ஆகியிருந்தது. பத்துக் கட்டத்தின் அகலம் 6.8 செ.மீ.க்குச் சுருங்கியிருந்தது. சேவலின் மார்பில் மட்டும் பத்துச் சுற்று 9.2 செ.மீ.தான். கழுத்துக்கு மேலேயும் வயிற்றுக்குக் கீழேயும் இருந்த கட்டங்களோ பக்கத்து வெறும் வலையைக் காட்டிலும் அதிகமாக நீண்டிருந்தன.

இந்தக் கடைசி அளவுதான் விஷயத்தைத் திறந்து காட்டியது. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து ஒரு காலிக் கட்டத்தைப் பார்த்தால், சுமை முழுவதும் தூண் வழியாகவே இறங்குவது தெரியும். தூணின்மேல் தூண், அதன்மேல் தூண் என்று அடியிலிருந்து வாய் வரை ஒரே நேர்கோடு. நடுவில் இருக்கும் சங்கிலி எதையும் சுமப்பதில்லை. மாறாக, இழுபடும் தூணுக்கு அது தன் நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிறது. காலியாக இருந்தபோது தளர்ந்து வளைந்திருந்த சங்கிலி, சுமை ஏறியதும் விறைத்து நேராகிறது. அதிலிருந்து போன நூல் தூணின் கண்ணிகளுக்குள் சேர்ந்து தூண் நீள்கிறது. கட்டத்தின் உயரம் கூடுவதும் அகலம் குறைவதும் தனித்தனி நிகழ்வுகள் அல்ல, ஒரே நூல் இடம் மாறுவதன் இரண்டு முகங்கள்.

நிறைந்த கட்டத்தில் இந்த வசதி இல்லை. இரண்டு தையல் கட்டமானால் தூண்கள் இரண்டு மடங்கு, மூன்று தையல் கட்டமானால் மூன்று மடங்கு. ஒவ்வொன்றும் சுமக்கும் பங்கு குறைவு. கடன் வாங்கச் சங்கிலியும் இல்லை. ஆகவே மார்பு நீளவில்லை.

இனி, மார்பு வழியாகச் செல்லும் ஒரு நெடுவரிசையையும் அதன் பக்கத்தில் வெறும் வலையாகவே செல்லும் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் மேலே ஒரே வாய், கீழே ஒரே அடி. இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளத்துக்குத்தான் இழுபட முடியும். மார்புள்ள நெடுவரிசையில் பாதி நீள மறுக்கிறது. அந்தக் குறையை மீதிப் பாதி ஈடுகட்டியாக வேண்டும். மார்புக்கு மேலே மீதி இருப்பது கழுத்து, கீழே இருப்பது கால். சேவல் கொக்கான காரணம் இவ்வளவுதான். பையின் அடி கோணியதற்கும் காரணம் இதுவே. முன்பக்கத்தில் சேவலின் நிறைந்த கட்டங்கள், பின்பக்கம் வெறும் வலை. பின்பக்கம் தாராளமாக நீண்டது, முன்பக்கம் முரண்டு பிடித்தது.

இதை அறிந்த பிறகு என் மனத்தில் ஒரு பழக்கம் மாறிவிட்டது. முன்பெல்லாம் கட்டப் படத்தைப் பார்த்தால் உருவத்தைத்தான் பார்ப்பேன். இப்போது மேலிருந்து கீழாக ஒவ்வொரு நெடுவரிசையிலும் எத்தனை நிறைந்த கட்டம் என்று கண் எண்ணத் தொடங்குகிறது. பைக்கு வரையும் எவருக்கும் இந்தப் பார்வை வேண்டும்.

சாய்வு

சாய்வுக்கும் சுமைக்கும் சம்பந்தமில்லை. அது பின்னிய நாளிலேயே வந்துவிட்டது, மேசையில் கண்ணுக்குப் படவில்லை, அவ்வளவுதான். டபுள் குரோஷாவின் தலைக்கண்ணி அதன் தூணுக்கு நேர்மேலே உட்காருவதில்லை, சற்று ஒதுங்கியே உட்காருகிறது. பின்னலைத் திருப்பாமல் ஒரே முகத்தில் சுற்றிக்கொண்டே போனால் இந்த ஒதுக்கம் சுற்றுக்குச் சுற்று ஒரே திசையில் சேர்கிறது. வலக்கைக்காரர் பின்னினால் வலப்பக்கமாக நகரும். இந்தப் பையில் 42 சுற்று முடிவில் ஏறக்குறைய ஐந்து கட்ட அகலம் நகர்ந்திருந்தது. கொண்டை, காலுக்கு நேர்மேலே இல்லாமல் தள்ளி நின்றது.

தட்டையாகப் பின்னும்போது ஒவ்வொரு வரிசையிலும் திருப்புகிறோம். இந்த வரிசை வலம் நகர்ந்தால் அடுத்தது இடம் நகர்ந்து சரிசெய்துகொள்ளும். ஆகவே தீர்வும் அதுவே: சுற்றை ஸ்லிப் ஸ்டிச்சால் (உயரமில்லாத இணைப்புத் தையல்) மூடி, அடுத்த சுற்றின் உயரத்துக்கு ஏறுசங்கிலி போட்டு, பையைத் திருப்பி, அடுத்த சுற்றை உட்பக்கத்திலிருந்து பின்ன வேண்டும். கட்டப் படத்தை ஒரு சுற்றுக்கு வலமிருந்து இடமாகவும் அடுத்த சுற்றுக்கு இடமிருந்து வலமாகவும் படிக்க வேண்டும். ஃபிலே பின்னலுக்கு இரு முகமும் ஏறக்குறைய ஒரே தோற்றம் என்பதால் திருப்பிப் பின்னியது வெளியே தெரியாது. மூடும் இடம் மட்டும் ஒரு கோடாகத் தெரியும். அதைப் பையின் விலாவில், கைப்பிடிக்குக் கீழே வரும்படி தொடக்கத்திலேயே திட்டமிட்டுவிடலாம்.

இரண்டு தட்டைத் துண்டுகளாகப் பின்னி இணைப்பதும் நல்ல வழிதான். புதிதாகக் கற்பவருக்கு அதையே நான் முதலில் சொல்வேன்.

கைப்பிடி

முதல் பையின் கைப்பிடிகள் வலையின் மேல் ஓரத்தில் நான்கே இடத்தில் தைக்கப்பட்டிருந்தன. அந்த நான்கு இடங்களிலிருந்து கட்டங்கள் விசிறியாக இழுபட்டு, கொண்டையின் வடிவத்தைக் கெடுத்திருந்தன. கைப்பிடியைக் குறுக்குவாட்டில், குட்டை வரிசைகளாகப் பின்னியிருந்ததால் அதுவும் நீண்டது. கைப்பிடியை நீளவாட்டில், நீண்ட வரிசைகளாகச் சிங்கிள் குரோஷாவில் இறுக்கமாகப் பின்ன வேண்டும். வாயைச் சுற்றிலும் அடர்த்தியான ஒரு பட்டை இருந்தால் சுமை ஓரிடத்தில் குவியாமல் பரவும். இதில் இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

தொங்கவிட்ட அளவுத் துண்டு

மறுபடி பின்னுவதற்கு முன் செய்த வேலைகளில் மிகவும் பயன்பட்டது இதுதான். கணக்கு எளிது. பையின் சுற்றளவு ஏறக்குறைய 80 செ.மீ. நான்கு கிலோவை அதன்மேல் பரப்பினால் ஒரு சென்டிமீட்டருக்கு 50 கிராம். 15 செ.மீ. அகலமுள்ள அளவுத் துண்டு பின்னினால் அதற்கு 750 கிராம். துண்டின் மேல் வரிசையில் ஒரு மெல்லிய குச்சியும் கீழ் வரிசையில் ஒரு குச்சியும் கோத்து, மேல் குச்சியைக் கட்டித் தொங்கவிட்டு, கீழ்க்குச்சியில் முக்கால் லிட்டர் தண்ணீர் நிரப்பிய பாட்டிலைக் கட்டலாம். குச்சி முக்கியம். அது இல்லாவிட்டால் சுமை நடுவில் குவிந்து அளவு பொய்யாகும். ஓர் இரவு அப்படியே விட்டு, காலையில் பாட்டிலை அவிழ்க்காமலேயே அளக்க வேண்டும். பருத்தி நூல் சுமைக்கு உடனே முழுமையாக இணங்குவதில்லை, மெல்ல மெல்ல இறங்கும்.

முன்பு நிராகரித்த மூன்று தையல் கட்டத்தையே எடுத்து, ஊசியை 2.5 மி.மீ.க்கு இறக்கி, துண்டு பின்னினோம். மேசையில் ஒரு கட்டம் 11.5 மி.மீ. அகலம், 8.5 மி.மீ. உயரம். நசுங்கிய கட்டம்தான். தொங்கவிட்ட மறுநாள் காலையில் அகலம் பத்துக்குச் சற்றுக் கீழேயும் உயரம் பத்துக்குச் சற்று மேலேயும் இருந்தது. பக்கத்தில் தொங்கிய இரண்டு தையல் துண்டிலோ, மேசையில் அத்தனை அழகாக இருந்த சதுரங்கள் ஒல்லியான நெட்டைக் கட்டங்களாகியிருந்தன.

ஆக, மேசையில் நசுங்கிக் கிடக்கும் கட்டமே தோளில் சதுரமாகிறது. படத்தைச் சாதாரணச் சதுரக் கட்டத்தாளிலேயே வரையலாம், தாளில் இருக்கும் விகிதம் சுமையோடு இருக்கும் விகிதத்துக்குச் சரியாக வரும். எல்லாருடைய கைக்கும் இதே எண்கள் வரும் என்று சொல்லவில்லை. ஒருவர் முதல் கண்ணியை எவ்வளவு உயரத்துக்கு இழுக்கிறார் என்பதைப் பொறுத்து டபுள் குரோஷாவின் உயரம் மாறும். எண்களை அல்ல, தொங்கவிட்டு அளக்கும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: உண்மையான பையில் உள்ளே இருக்கும் பொருள்கள் வலையை வெளிப்பக்கம் தள்ளும். ஆகவே பை, அளவுத் துண்டின் அளவுக்கு அகலத்தில் சுருங்காது.

நூலைப் பற்றி ஒரு வார்த்தை. மெர்சரைஸ் செய்த பருத்தியையே தேர்ந்தோம். ஜான் மெர்சர் 1850இல் காப்புரிமை பெற்ற, காரச்சோடாவில் நனைக்கும் முறை அது. நூலுக்கு வலுவும் கூடும், சாயமும் நன்றாகப் பிடிக்கும். நிறத்தை அடர்நீலத்துக்கு மாற்றியதற்கு வேறு காரணம் உண்டு. ஃபிலே படம் பின்னணியோடு மோதித்தான் கண்ணுக்குத் தெரிகிறது. வெளிர் மேசைவிரிப்புக்குக் கீழே இருண்ட மரம் இருக்கும், அதனால் படம் எடுபடும். பைக்குப் பின்னணி உள்ளே இருக்கும் சாமான்கள், அவை எந்த நிறத்திலும் இருக்கலாம். வெளிர் நூலில் பின்னிய ஒற்றைக் கட்ட அகலக் கால்கள், பைக்குள் ஒரு காகிதப் பொட்டலம் வந்ததும் கரைந்துபோயின. உள்ளே துணி வைத்துத் தைக்கலாம் என்பார்கள். சுமையையும் அதுவே தாங்கிக்கொள்ளும், நியாயமான யோசனைதான். ஆனால் மடித்தால் கைக்குள் அடங்குவதுதான் வலைப்பையின் சிறப்பு. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

சேவலைத் திருத்தி வரைந்தது

படத்தை மாற்றி, படுத்திருக்கும் கோழியாக வரைந்துவிடலாமா என்று கேட்டேன். அகலமான, தாழ்ந்த உருவங்கள் பைக்கு எப்போதும் நல்லவை. மீன், இலை, படகு எல்லாம் அந்த வகை. அவருக்குச் சேவல்தான் வேண்டும். அந்தப் பிடிவாதத்தை நான் மதித்தேன், ஏனென்றால் அதனால்தான் அடுத்த மாற்றங்கள் பிறந்தன.

அடி 35 சுற்று, அதாவது 210 தையல், 70 கட்டம். பக்கத்துக்கு 35. நடுவில் 25 கட்டம் படத்துக்கு, இருபுறமும் ஐந்தைந்து. அதே சேவலைப் பின்பக்கத்திலும் வைத்தோம். இனி எந்தப் பக்கமும் மற்றதைவிட அதிகமாக நீளாது. இரண்டும் ஒரே திசை பார்ப்பதால் ஒன்றையொன்று துரத்திச் சுற்றி வருவதுபோல் இருப்பது கூடுதல் அழகு.

கால்களை இரண்டு கட்ட அகலமாக்கி உயரத்தைக் குறைத்தோம். கழுத்தைத் தடிமனாக்கி மார்போடு படிப்படியாக இணைத்தோம். வாலில் மூலைக்கு மூலை மட்டும் தொட்டுக்கொண்டிருந்த கட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி மாற்றினோம். மூலைத் தொடுகையில் இரு கட்டங்களும் ஒரு தூண் முனையில் மட்டுமே சந்திக்கின்றன. சுமை ஏறினால் கோடு புள்ளிகளாகச் சிதறும். மிக முக்கியமானது மார்பு. அடைத்து நிறைந்திருந்த அந்தப் பகுதியில் மூன்றில் ஒரு கட்டத்தைக் காலியாக்கி, வரிசைக்கு வரிசை இடம் மாற்றி வைத்தோம். பார்வைக்கு அது இறகு. வலைக்கு அது இளகிக்கொடுக்கும் இடம். தனியாக ஓவியமாகப் பார்த்தால்கூட முந்தைய சேவலைவிட இது உயிரோடு இருந்தது.

காலடியில் இரண்டு சுற்று முழுவதும் நிறைந்த கட்டங்கள், தரையாக. இப்படிப் பையைச் சுற்றி முழு வளையமாக வரும் பட்டை எந்தத் தொல்லையும் தராது, எல்லா நெடுவரிசைக்கும் சமமாகவே விழுகிறது.

பின்னும்போது கவனித்த ஒன்று. காலிக் கட்டத்தின்மேல் நிறைந்த கட்டம் வரும்போது, நடு டபுள் குரோஷாக்களைச் சங்கிலிக்கு அடியிலுள்ள வெளியில் போட்டுவிடுவது வழக்கம், வேகமாகப் போகும். பையில் அப்படிப் போட்டவை சுமை ஏறியதும் சங்கிலியின்மேல் நழுவி ஓரமாக ஒதுங்குகின்றன, படத்தின் விளிம்பில் பொத்தல் விழுகிறது. விளிம்புக் கட்டங்களிலாவது சங்கிலியையே குத்திப் பின்ன வேண்டும். நூல் முனைகளையும் நிறைந்த கட்டங்களுக்குள்தான் மறைக்க வேண்டும். சங்கிலியோடு ஓட்டிய முனை இழுபட்டு வெளியே வந்துவிடும்.

வாய்ப்பகுதியில் ஏழு தையலுக்கு ஒன்று குறைத்து 210ஐ 180 ஆக்கி, சிங்கிள் குரோஷாவில் ஐந்து சுற்றுப் பட்டை. அதிலிருந்தே கைப்பிடிகள் எழும்.

முடிவு என்ன

அதே நான்கு கிலோ, அதே கம்பி. வெறும் வலையில் ஒரு கட்டம் 10.2 மி.மீ. அகலம், 10.4 மி.மீ. உயரம். மார்பில் உயரம் சற்றுக் குறைவு, ஆனால் கண்ணை உறுத்தும் வேறுபாடு இல்லை. அடி சமமாகத் தொங்குகிறது. கொண்டை காலுக்கு நேர்மேலே நிற்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மார்புக்கு நேர்மேலே உள்ள சில கட்டங்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே நீள்கின்றன. கொண்டைக்கும் வாய்ப்பட்டைக்கும் இடையில் அது தெரிகிறது. பை காலியாக இருக்கும்போது சேவல் குட்டையாகவும் பருமனாகவும் இருக்கிறது. சுவரில் மாட்டி அழகு பார்க்க விரும்புபவருக்கு இந்தப் பை பொருந்தாது. பையைச் சாமான் வாங்கப் பின்னினோம், சாமானோடு பார்க்கும்போது அது சேவலாக இருந்தால் போதும் என்றார் பின்னியவர். எனக்கும் அதே எண்ணம்.

துவைத்த பிறகு தொங்கவிடாமல், துண்டின்மேல் படுக்கவைத்து, நசுங்கிய கட்டமாக மறுபடி கையால் தட்டிச் சீராக்கிக் காயவைக்கிறார். ஈரத்தில் நூல் தூணிலிருந்து சங்கிலிக்குப் பெருமளவு திரும்பிவிடுகிறது. ஆனால் முழுவதும் திரும்புவதில்லை. ஆகவே படத்தை வரையும்போதே உயரத்தில் ஒரு வரிசையைக் குறைத்துப் பார்க்கலாம் என்று அடுத்த பைக்கான தாளில் இப்போது குறித்து வைத்திருக்கிறார்.